ஏசி கேஸ் மாறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது ஏசி வாங்கப் போனால் ஆர்-32 கேஸ் என்கிறார்கள், இன்னொருவர் ஆர்-290தான் நல்லது என்கிறார், வீட்டில் இருக்கும் பழைய மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக்கோ "இந்த கேஸ் இனிமேல் கிடைக்காது, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மூன்று பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எது அந்தப் பாதி என்று பார்ப்போம். அறையையும் தண்ணீரையும் சூடாக்கும் ஹீட் பம்புக்கும் இதே கதைதான், ஏனென்றால் அது திருப்பிப் போட்ட ஏசி.

கேஸ் உள்ளே என்னதான் செய்கிறது?

ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் தொட்டுத் தடவும் ஸ்பிரிட் ஜில்லென்று இருக்கும் இல்லையா, அது ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஏசியில் நடப்பதும் அதேதான், ஆனால் ஆவியானதைக் காற்றில் விட்டுவிடாமல் பிடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். அறைக்குள் இருக்கும் யூனிட்டின் குழாய்களில் அது கொதித்து ஆவியாகிறது, அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளியே இருக்கும் யூனிட்டுக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை வெளிக்காற்றில் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகித் திரும்பி வருகிறது. கேஸ் என்று நாம் சொன்னாலும் பாதி வழி அது திரவம்தான்.

சரியான அழுத்தத்தில் கொதிக்கவும் திரவமாகவும் கூடிய பொருள்கள் நிறைய இருக்கின்றன. நஞ்சா, தீப்பிடிக்குமா, காற்றில் கலந்தால் என்ன கேடு என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தால்தான் பட்டியல் சுருங்குகிறது. எல்லாப் பாடத்திலும் தேறிய கேஸ் இன்றுவரை கிடைக்கவில்லை. இந்த மாற்றமெல்லாம் எந்தப் பாடத்தில் கொஞ்சம் மார்க் குறைந்தால் பரவாயில்லை என்கிற பேரம்தான்.

வருடத்துக்கு ஒருமுறை கேஸ் நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். ஓட ஓடத் தீர்வதற்கு அது பெட்ரோல் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது, பத்துப் பதினைந்து வருடம் ஆனாலும் அதே அளவு இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். எங்கள் வீட்டில் மூன்று வருடம் தொடர்ந்து ஒருவர் வந்து நிரப்பிவிட்டுப் போனார், ஒரு முறைகூடக் கசிவைத் தேடவில்லை. நாலாவது வருடம் வந்த இன்னொருவர் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்ததும், வெளி யூனிட்டில் காப்பர் குழாய் சேரும் நட்டில் குமிழ் குமிழாக வந்தது. பத்து நிமிட வேலை. அந்த மூன்று வருடமும் நிரப்பிய கேஸ் முழுவதும் வானத்துக்குத்தான் போயிருக்கிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. எந்த கேஸ் நல்லது என்ற விவாதம் முழுவதும் அது வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. குழாய்க்குள் இருக்கும்வரை எந்த கேஸும் காலநிலைக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை.

ஏற்கெனவே ஓசோனுக்காக ஒருமுறை மாற்றினார்களே, மறுபடி ஏன்?

ஓசோன் ஒரு பிரச்சினை, புவி வெப்பமாதல் இன்னொரு பிரச்சினை. முதலாவதைத் தீர்க்கக் கொண்டுவந்த கேஸ்கள் இரண்டாவதைப் பெரிதாக்கின.

கதை கொஞ்சம் பழையது. 1920கள் வரை ஃபிரிட்ஜுகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெதில் குளோரைடு மாதிரி நஞ்சு கேஸ்கள்தான் ஓடின. கசிந்தால் வீட்டில் இருப்பவர்கள் உயிரிழந்தார்கள். அப்படி ஒரு குடும்பம் இறந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டீனும் லியோ சிலார்டும் சேர்ந்து நகரும் பாகமே இல்லாத ஃபிரிட்ஜை வடிவமைத்துக் காப்புரிமை வாங்கினார்கள் என்பார்கள். அது சந்தைக்கு வரவில்லை. அதற்குள் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு சிஎஃப்சி என்ற குளோரோஃபுளோரோகார்பனைக் கண்டுபிடித்துவிட்டது. நஞ்சில்லை, தீப்பிடிக்காது என்று காட்ட 1930-ல் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். அத்தனை பேரும் கைதட்டியிருப்பார்கள்.

1974-ல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள், இந்த சிஎஃப்சியில் உள்ள குளோரின் மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள். 1985-ல் அண்டார்க்டிகா மேல் ஓசோன் ஓட்டை விழுந்திருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 1987-ல், ஓசோனைக் கெடுக்கும் கேஸ்களைக் கைவிட மாண்ட்ரீல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சிஎஃப்சி போய், ஓசோனுக்குக் கெடுதல் குறைந்த ஆர்-22 ஓடியது, பிறகு குளோரினே இல்லாத எச்எஃப்சி (ஹைட்ரோஃபுளோரோகார்பன்) கேஸ்கள் வந்தன. ஆர்-410ஏ அந்தக் கூட்டம். அதன் மேல் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று பச்சை இலை படம் போட்டு விற்றார்கள், ஓசோன் கணக்கில் அது பொய்யும் இல்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் ஒரு கிலோ ஆர்-410ஏ சுமார் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதனால் 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் மறுபடி கூடி, அதே மாண்ட்ரீல் ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் செய்தன. எச்எஃப்சி பயன்பாட்டை 2040களின் கடைசிக்குள் 80 முதல் 85 சதவீதம் வரை குறைப்பது அதன் இலக்கு. ஒழுங்காக நடந்தால் இந்த நூற்றாண்டு முடிவில் அரை டிகிரி செல்சியஸ் வரை வெப்பமாதலைத் தவிர்க்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஏசி கேஸில் அவ்வளவு இருக்கிறதா என்று நானும் முதலில் நம்பவில்லை.

2,088 என்கிற அந்த எண் எப்படி வந்தது?

அதைப் புவி வெப்பமாக்கும் திறன் என்பார்கள், லேபிளில் ஜிடபிள்யூபி என்று போட்டிருக்கும். ஒரு கிலோ கேஸ் 100 வருடத்தில் எவ்வளவு வெப்பத்தைப் பிடித்துவைக்கும், அதே வேலைக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு வேண்டும் என்ற ஒப்பீடு. கையில் பிடிக்கும்படி சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது, ஆக ஒரு கிலோ ஆர்-410ஏ முழுக்கக் கசிந்தால் கிட்டத்தட்ட 900 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. ஒரே ஒரு லூஸ் நட்டுக்கு!

இந்த எண்களை அறிவியல் அறிக்கைகள் அவ்வப்போது திருத்துகின்றன, அதனால் ஒரே கேஸுக்கு ஒரு லேபிளில் 675, இன்னொன்றில் 771 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், யாரும் ஏமாற்றவில்லை. இங்கே நான் சொல்பவை சட்டங்களிலும் லேபிள்களிலும் அதிகம் புழங்கும் பழைய எண்கள்.

அப்படியானால் புது கேஸ்கள் எவை?

வீட்டளவில் நீங்கள் சந்திக்கப்போவது நான்கைந்துதான்.

ஆர்-32 இப்போது பரவலாக இருப்பது. ஜிடபிள்யூபி 675. வேடிக்கை என்னவென்றால் இது புதுசே இல்லை. ஆர்-410ஏ என்பதே பாதி ஆர்-32, பாதி ஆர்-125 கலந்த கலவை. ஆர்-32 கொஞ்சம் எரியும் என்பதால் அதை அடக்கத்தான் எரியாத ஆர்-125-ஐச் சேர்த்தார்கள், அந்த ஆர்-125-ன் ஜிடபிள்யூபி 3,500. இப்போது அந்தக் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு, லேசாக எரிவதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். 2012-ல் ஜப்பானில் டைக்கின் நிறுவனம் இதை வீட்டு ஏசியில் கொண்டுவந்தது. அதே குளிர்ச்சிக்கு ஆர்-410ஏவை விடக் குறைவான கேஸ் போதும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஆர்-454பி அமெரிக்காவில் பல நிறுவனங்கள் தேர்ந்தெடுத்தது. இதிலும் 68.9 சதவீதம் ஆர்-32தான், மீதி ஆர்-1234ஒய்எஃப். ஜிடபிள்யூபி 466.

ஆர்-290 என்றால் சுத்தமான புரொப்பேன். ஜிடபிள்யூபி வெறும் 3, அல்லது அதற்கும் கீழே. நன்றாக எரியும். ஆர்-32 ஜப்பானில் வந்த அதே 2012-ல் இந்தியாவில் கோத்ரெஜ் புரொப்பேன் ஏசியை விற்க ஆரம்பித்தது. ஐரோப்பாவில் இப்போது ஹீட் பம்புகளில் இதற்குத்தான் பேச்சு.

ஆர்-744 என்று கௌரவமாகப் பேர் வைத்திருப்பது சாட்சாத் கார்பன் டை ஆக்சைடு. ஜிடபிள்யூபி 1, ஏனென்றால் அளவுகோலே அதுதான். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே மாறாது, அழுத்தம் 100 பாரையும் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்கு) தாண்டிப் போகும், அதனால் சாதாரண ஏசிக்கு ஒத்துவராது. ஆனால் தண்ணீர் சூடாக்க அருமையானது. ஜப்பானில் 2001 முதல் வீட்டு வாட்டர் ஹீட்டர்களில் ஓடுகிறது.

பழைய ஆர்-22 இருக்கிறதே என்றால், அதன் ஜிடபிள்யூபி 1,810, ஓசோனையும் கெடுக்கும். இரண்டு பக்கமும் இடி.

ஆர்-32, ஆர்-290 என்ற இந்த எண்களுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா, சும்மா வைத்ததா?

உண்டு, எனக்குப் பிடித்த விஷயம் இது. கடைசி இலக்கம் ஃபுளோரின் அணுக்கள், நடு இலக்கத்தில் ஒன்றைக் கழித்தால் ஹைட்ரஜன், முதல் இலக்கத்தில் ஒன்றைக் கூட்டினால் கார்பன். 290 என்றால் 3 கார்பன், 8 ஹைட்ரஜன், ஃபுளோரின் இல்லை, புரொப்பேனேதான். 32 என்றால் முன்னால் ஒரு சைபர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், 1 கார்பன், 2 ஹைட்ரஜன், 2 ஃபுளோரின். 400 வரிசை கலவைகள், 700 வரிசையில் மூலக்கூறு எடையைக் கூட்டிவிடுவார்கள், அதனால் கார்பன் டை ஆக்சைடு 744, தண்ணீர் 718. ஆக, எண் பெரிதானால் நல்ல கேஸ் என்பதெல்லாம் கிடையாது.

எரியும் கேஸை வீட்டுக்குள் வைத்தால் ஆபத்து இல்லையா?

எல்லோரும் கேட்பது இதைத்தான், கேட்கவும் வேண்டும். எரியும் தன்மையை வகைப்படுத்தியிருக்கிறார்கள்: ஏ1 எரியாது, ஏ2எல் லேசாக எரியும், ஏ3 நன்றாக எரியும். ஆர்-32, ஆர்-454பி இரண்டும் ஏ2எல். ஏ2எல் என்றால் தீ நகரும் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாது, நடந்து போகிறவனை எட்டிப் பிடிக்காது. தவிர, காற்றில் ஆர்-32 14 சதவீதத்துக்கு மேல் கலந்தால்தான் பற்றவே செய்யும், சாதாரண சுவிட்ச் பொறி அதற்குப் போதாது. புரொப்பேனுக்கு 2 சதவீதம் கலந்தாலே போதும், சின்னப் பொறியும் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை, மொத்தம் 36 கன மீட்டர். ஒரு ஏசியில் இருக்கும் 800 கிராம் ஆர்-32 முழுவதும் அந்த அறையில் கசிந்து சீராகக் கலந்தால் கன மீட்டருக்கு 22 கிராம். பற்றுவதற்கு வேண்டியது 307 கிராம். பக்கத்தில்கூடப் போகவில்லை. அதே அறையில் 300 கிராம் புரொப்பேன் கசிந்தால் கன மீட்டருக்கு 8 கிராம் சொச்சம், பற்ற வேண்டியது 38 கிராம். இதிலும் இடைவெளி இருக்கிறது, ஆனால் "சீராகக் கலந்தால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டுமே காற்றை விடக் கனமானவை, தரையோடு படியும். மூடிய சின்ன அறையில், காற்று அசையாத நேரத்தில், புரொப்பேன் கீழே தேங்கினால் அந்த ஒரு மூலையில் அளவு தாண்டலாம். அதனால்தான் அறையின் பரப்பைப் பொறுத்து இத்தனை கிராமுக்கு மேல் கூடாது என்று தரநிலைகள் வரம்பு வைக்கின்றன. 2022-ல் திருத்தப்பட்ட சர்வதேசத் தரநிலை, கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தால் ஒரு சாதாரண ஸ்பிளிட் ஏசியில் 988 கிராம் வரை புரொப்பேன் இருக்கலாம் என்று அனுமதித்தது. கேஸ் அதிகம் பிடிக்கும் பெரிய ஏ2எல் மெஷின்களில் கசிவு சென்சார் வைக்கிறார்கள், கசிவு தெரிந்தால் கம்ப்ரஸர் நின்று ஃபேன் ஓடி கேஸைக் கலைத்துவிடும்.

அப்புறம், உங்கள் சமையலறை ஃபிரிட்ஜின் பின்புற லேபிளைப் பாருங்கள். ஆர்-600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், புரொப்பேனின் உறவுக்காரன், அதே ஏ3 வகை. 1993-ல் ஜெர்மனியில் கிரீன்பீஸ் அமைப்பின் முயற்சியால் ஆரம்பித்து இன்று கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. யாரும் ஃபிரிட்ஜைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அளவு குறைவு என்பதுதான் காரணம், 150 கிராமுக்கு மேல் போகாது.

உண்மையில் எனக்கு இருக்கும் கவலை மெஷினைப் பற்றியது இல்லை, அதைத் திறக்கும் ஆளைப் பற்றியது. பழைய கேஸ்களோடு இருபது வருடம் வேலை பார்த்தவர் பழக்க தோஷத்தில் கேஸை முழுக்க எடுக்காமலே, குழாயை ஒட்டும் தீ டார்ச்சைக் கொளுத்தினால் அங்கேதான் விபத்து.

ஏசி வெடித்தது என்று செய்தி வருகிறதே, அது இந்தப் புது கேஸால்தானா?

பெரும்பாலும் மின்சாரத்தால். லூஸ் டெர்மினல், தகுதியில்லாத வயர், கெட்டுப்போன கபாசிட்டர். இரண்டாவது காரணம் பழுதுபார்க்கும் முறை. மெஷினைக் கழற்றும்போது கேஸையெல்லாம் வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டும் பம்ப் டவுன் என்ற வேலை இருக்கிறது. அப்போது எங்காவது திறந்திருந்து காற்று உள்ளே போனால், காற்றும் ஆயில் ஆவியும் சேர்ந்து கம்ப்ரஸரில் அழுந்தி டீசல் இன்ஜின் மாதிரியே வெடிக்கும். எரியாத கேஸ் என்று பேர் வாங்கிய ஆர்-22, ஆர்-410ஏ மெஷின்களிலும் இது நடக்கும். கசிவைச் சோதிக்க நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினாலும் அதே கதிதான். யாராவது அப்படிச் செய்வதைப் பார்த்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள், ஆக்சிஜனும் கம்ப்ரஸர் ஆயிலும் சேரவே கூடாது.

என் பழைய மெஷினில் புது கேஸைப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. கம்ப்ரஸர், ஆயில், குழாயின் தடிமன், உள்ளே இருக்கும் சுவிட்சுகள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட கேஸுக்காக வடிவமைத்தவை. ஆர்-410ஏவின் அழுத்தம் ஆர்-22-ஐ விடச் சுமார் 60 சதவீதம் அதிகம், ஆர்-22 மெஷினில் அதைத் திணித்தால் தாங்காது, ஆயிலும் வேறு. ஆர்-32-ன் அழுத்தம் ஆர்-410ஏவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஓடவும் ஓடும், அதனால்தான் சிலர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் ஆர்-32-ல் கம்ப்ரஸர் இன்னும் சூடாகும், மெஷினுக்கு எரியும் கேஸைக் கையாளும் எந்த ஏற்பாடும் இருக்காது.

இதை விட மோசமானது, பழைய ஆர்-22 மெஷினில் புரொப்பேனையோ சமையல் கேஸையோ ஏற்றுவது. குளிரும், அதுதான் வினை. சமையல் கேஸ் ஒரு சுத்தமில்லாத கலவை, வாசனைப் பொருள் வேறு கலந்தது, பொறி பறக்கும் ரிலேக்கள் உள்ள மெஷினில் அதை விடுவது தற்கொலைக்குச் சமம்.

போலி சிலிண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. 2011-ல் கப்பல்களில் போகும் குளிர்சாதனக் கொள்கலன்கள் சில வெடித்து, பழுதுபார்த்தவர்கள் இறந்தார்கள். காரணம், கேஸ் என்று ஏற்றியதில் மெதில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு பொருளாக மாறியிருந்தது. 1920களில் ஃபிரிட்ஜில் ஓடிய அதே மெதில் குளோரைடு. கேஸ் விலை ஏற ஏற இந்த மாதிரிக் கலப்படமும் கூடத்தான் செய்யும், அசாதாரண மலிவில் யாராவது நிரப்பித் தருகிறேன் என்றால் யோசியுங்கள்.

நன்றாக ஓடும் பழைய ஏசியை இப்போதே மாற்றிவிடலாமா?

கேஸுக்காக மட்டும் என்றால், வேண்டாம். சட்டங்கள் குறிவைப்பது புது மெஷின்களையும் புதிதாகத் தயாராகும் கேஸின் அளவையும்தான். உங்கள் வீட்டில் ஓடுவதைப் பிடுங்கிக்கொண்டு போக யாரும் வரமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 கிலோவுக்குக் குறைவாக கேஸ் உள்ள புது ஸ்பிளிட் ஏசிகளுக்கு 2025 ஜனவரி முதல் ஜிடபிள்யூபி 750-க்குக் கீழே இருக்க வேண்டும். அமெரிக்க விதியில் அந்த வரம்பு 700. இரண்டு எண்ணும் ஆர்-32-ன் 675-க்குச் சற்று மேலே இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம். அவற்றில் பெரும்பாலானவை எச்எஃப்சி அளவை 2024-ல் மேலே ஏறாமல் நிறுத்தி 2045-க்குள் 80 சதவீதம் குறைக்க வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், வளைகுடா நாடுகள் அடங்கிய இன்னொரு பிரிவு 2028-ல் ஆரம்பித்து 2047-க்குள் 85 சதவீதம். ஆர்-22 மட்டும் வேறு கணக்கு, வளரும் நாடுகளிலும் 2030-க்குப் பிறகு பழுதுபார்க்க மட்டும் கொஞ்சம் கிடைக்கும், அதுவும் 2040 வரைதான். ஆர்-22 மெஷினில் பெரிய கசிவு, காயில் என்ற சுருள் குழாயில் ஓட்டை என்றால் அப்போது மாற்றுவது நியாயம். ஆர்-410ஏ மெஷின் என்றால் இன்னும் பல வருடம் சர்வீஸ் கேஸ் இருக்கும், விலை மெல்ல ஏறும். மீட்டுச் சுத்தம் செய்த கேஸும் புழக்கத்தில் வரும், அது தரமானதாக இருந்தால் தாராளமாகப் போடலாம்.

கேஸ் பார்த்து வாங்குவதா, கரண்ட் சிக்கனம் பார்த்து வாங்குவதா?

இரண்டில் ஒன்றுதான் என்றால் கரண்ட். வருடத்துக்கு 1,000 யூனிட் இழுக்கும் ஒரு ஏசியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரியை அதிகம் நம்பும் மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு 700 கிராம் வாக்கில் கார்பன் டை ஆக்சைடு, பத்து வருடத்தில் 7 டன். ஒரு கிலோ ஆர்-410ஏ முழுவதும் ஒருமுறை கசிந்தால் 2 டன் சொச்சம். வருடா வருடம் கசியவிட்டால் கணக்குத் தலைகீழாகிவிடும் என்பது வேறு விஷயம். காற்றாலை, சூரிய மின்சாரம் கூடக்கூட யூனிட்டுக்கான கணக்கு குறையும், அப்போது கேஸின் பங்கு பெரிதாகத் தெரியும். நல்லவேளையாக, புது கேஸ் உள்ள மெஷின்களில் நிறையவே மின்சிக்கனத்திலும் முன்னால் இருக்கின்றன, அதனால் பெரும்பாலும் இந்தச் சண்டையே வராது.

கடும் வெயிலில் புது கேஸ் குளிருமா?

ஆர்-410ஏவை விட நன்றாகவே. ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு எல்லை வெப்பநிலை உண்டு, அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. ஆர்-410ஏவுக்கு அது 71 டிகிரி, ஆர்-32-க்கு 78, ஆர்-22-க்கு 96, புரொப்பேனுக்குக் கிட்டத்தட்ட 97. வெளியே 45 டிகிரி அடிக்கும்போது கேஸ் அதற்கும் மேலே 55, 60 டிகிரியில்தான் திரவமாக வேண்டியிருக்கும், எல்லைக்கு அருகே போகப் போகத் திணறும், கரண்ட் அதிகம் இழுக்கும். "அந்தக் காலத்து ஏசி வெயிலில் நன்றாகக் குளிர்ந்தது" என்று பெரியவர்கள் சொன்னால் அதில் விஷயம் இல்லாமல் இல்லை.

ஹீட் பம்ப் வாங்குபவர்கள் தனியாகப் பார்க்க வேண்டியது உண்டா?

குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்கு புரொப்பேன் இன்னும் வசதி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் என்பது நல்ல ஹீட் பம்ப் எதிலும் கிடைக்கும். ஆனால் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டர் உள்ள வீடுகளுக்கு 70 டிகிரிக்கு மேல் தண்ணீர் வேண்டும், அதைப் புரொப்பேன் சிரமப்படாமல் தருகிறது. கூடவே மோனோபிளாக் என்ற வடிவம் இருக்கிறது. அதில் கேஸ் முழுவதும் வெளியே உள்ள பெட்டிக்குள்ளேயே தொழிற்சாலையில் அடைத்து வரும், வீட்டுக்குள் போவது வெந்நீர்க் குழாய் மட்டும். எரியும் கேஸ் வீட்டுக்குள் வருவதே இல்லை. ஆனால் பெட்டியை ஜன்னலுக்கோ, கதவுக்கோ, தரைப்பள்ளத்துக்கோ ஒட்டி வைக்கக் கூடாது, இத்தனை தூரம் விட வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அதை மீறி இடம் இல்லை என்று மூலையில் திணிக்க வேண்டாம்.

ஆர்-454பியில் நிரந்தர ரசாயனம் இருக்கிறது என்கிறார்களே?

அதில் இருக்கும் ஆர்-1234ஒய்எஃப் காற்றில் இரண்டு வாரத்துக்குள் சிதைந்துவிடும், அதனால்தான் ஜிடபிள்யூபி அவ்வளவு குறைவு. சிதைந்து என்ன ஆகிறது என்றால் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம். அது மழையோடு இறங்கித் தண்ணீரில் சேரும், எளிதில் அழியாது. இன்றைய அளவில் அது எவ்வளவு கெடுதல் என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் நடக்கிறது. 2023-ல் ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகள் இந்த மாதிரி ரசாயனங்களை மொத்தமாகக் கட்டுப்படுத்த ஐரோப்பாவில் முன்மொழிந்தன, இந்த கேஸும் அதில் வருகிறது. ஆர்-32, புரொப்பேன் இரண்டுக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. மிட்ஜ்லியின் மெழுகுவத்தி ஞாபகம் வருகிறது என்றால் உங்களைக் குறைசொல்ல முடியாது.

மாட்டும்போது எதைக் கவனிப்பது?

வந்தவர் வாக்குவம் பம்ப் கொண்டுவந்திருக்கிறாரா என்று பாருங்கள். குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதைச் செய்யாமல் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு "காற்று போயிடுச்சு" என்பவர், உங்கள் கேஸையும் வீணாக்குகிறார், மெஷினின் ஆயுளையும் குறைக்கிறார், கேஸ் எரியக்கூடியது என்றால் ஆபத்தையும் விலைக்கு வாங்குகிறார். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பதும் வேண்டும். குழாய் எவ்வளவு நீளம், கூடுதலாக எத்தனை கிராம் போட்டார் என்று யூனிட்டின் லேபிளில் எழுதச் சொல்லுங்கள், அடுத்து வருபவருக்கு அது வரம். எடை மெஷின் இல்லாமல் "கை ஜில்லுனு இருக்கு, போதும்" என்று நிரப்புவது ஆர்-290 மாதிரிச் சின்ன அளவு கேஸுக்கு எடுபடவே படாது, 30 கிராம் கூடினாலே வித்தியாசம் தெரியும்.

பழைய மெஷினைக் கொடுக்கும்போது கேஸ் என்ன ஆகிறது?

பல இடங்களில் குழாயை வெட்டுகிறார்கள், புஸ்ஸென்று ஒரு சத்தம், ஒரு டன் ரெண்டு டன் கணக்கு வானத்தில். அமெரிக்காவில் எச்எஃப்சியை வேண்டுமென்றே வெளியே விடுவது 1995 முதலே குற்றம், பல நாடுகளில் அப்படித்தான். சட்டம் இருப்பது வேறு, அந்தச் சத்தத்தைக் கேட்க ஆள் இருப்பது வேறு. மீட்பு மெஷின் என்று ஒன்று இருக்கிறது, கேஸை உறிஞ்சி சிலிண்டரில் அடைத்துவிடும், அதைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம் அல்லது அதிக வெப்பத்தில் அழிக்கலாம். பழையதை எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் "கேஸை எப்படி எடுப்பீர்கள்" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முழித்தால் வேறு ஆளைத் தேடலாம்.

ஆர்-32 வாங்கினால் அதையும் கொஞ்ச வருடத்தில் தடைசெய்துவிடுவார்களா?

அதுவும் எச்எஃப்சிதான், அதனால் காலவரையில்லாமல் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த சட்டம், எச்எஃப்சி ஒதுக்கீட்டை 2050-ல் சைபராக்குகிறது. 100 வருடத்துக்குப் பதில் 20 வருடக் கணக்கில் பார்த்தால் ஆர்-32-ன் ஜிடபிள்யூபி 2,400-ஐத் தாண்டுகிறது என்று விமர்சிப்பவர்களும் உண்டு, அது நியாயமான விமர்சனம்தான். காற்றில் ஐந்து வருடம்தான் தங்கும் என்பதால் முதல் சில வருடங்களில் சூடு அதிகம், பிறகு காணாமல் போகும். ஆனால் இன்று வாங்கும் மெஷினின் ஆயுள் பத்துப் பதினைந்து வருடம். அதுவரை கேஸ் கிடைக்கும், ஒற்றைப் பொருள் என்பதால் மீட்டெடுப்பதும் மறுபடி நிரப்புவதும் சுலபம். அதற்குப் பிறகு வாங்கும் மெஷினில் புரொப்பேன் இருக்கும் என்று நினைக்கிறேன். எரியும் கேஸைத் தெரிந்து கையாளும் மெக்கானிக்குகள் அதற்குள் போதுமான அளவுக்குத் தயாராக வேண்டும், எனக்குத் தெரிந்து மெஷின் வந்த வேகத்துக்குப் பயிற்சி இன்னும் வரவில்லை.